தாய்ப்பால் பம்ப்: ஓர் எளிய செய்முறை

தேவையான பொருட்கள்: பம்ப் ஒன்று. அளவுக்கோடு போட்ட பாட்டில் இரண்டு. தாழ்ப்பாள் உள்ள கதவு ஒன்று, கிடைத்தால். பிளக் பாயின்ட் ஒன்று, அதில் கரன்ட்டும் வந்தால் விசேஷம். குழந்தையின் போட்டோ தேவையான அளவு. பெரிய துப்பட்டா. பாத்திரம் கழுவத் தெரிந்த கணவர் ஒருவர். கருத்துச் சொல்லும் உறவினர்களைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே வந்துவிடுவார்கள்.

செய்யும் நேரம்: இருபது நிமிடம். ஒளிந்துகொள்ள இடம் தேடும் நேரம் இதில் சேராது.

பம்ப் வாங்கும் முன் விடுமுறைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். “ரெண்டும் சரியா வருதே, அப்புறம் எதுக்கு பம்ப்?” என்று கேட்கும் புத்திசாலி எல்லா ஆபீசிலும் ஒருவர் இருப்பார். அந்த 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறி, சென்னை ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் தினமும் மூன்று மணி நேரம் உட்கார முடியாமல் அதை எடுத்துவிட்டவருக்குக் கையில் மிஞ்சுவது 18 வாரம். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்திருக்கும். குப்புறக் கவிழத் தெரியும், ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தெரியும், லீவு முடிந்தது மட்டும் தெரியாது. ஏற்கெனவே இரண்டு குழந்தை இருப்பவருக்கு மொத்தமே 12 வாரம். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு உண்டு. அவர்கள் இந்தக் குறிப்பைப் பொழுதுபோக்காக வாசிக்கலாம்.

இப்போது மிஷின். ஸ்விட்ச் போட்டதும் பால் கொட்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைக் கிணற்று மோட்டார் என்று நினைத்துவிடுகிறார்கள். மோட்டார் இழுப்பதால் மட்டும் பால் வராது. காம்பில் படும் தொடுதல் மூளைக்குப் போய், அங்கிருந்து ஆக்ஸிடோசின் கிளம்பி, பால் பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகளை இறுக்கினால்தான் பால் இறங்கும். குழந்தை இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்யும். முதலில் வேகவேகமாக, மேலோட்டமாகச் சப்பும். பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக இழுத்து விழுங்கும். நல்ல பம்புகளில் முதல் இரண்டு நிமிடம் ஒரு வேகமும் பிறகு வேறொரு வேகமும் இருப்பது குழந்தையிடம் கற்றதுதான்.

ஆக்ஸிடோசினுக்கு ஒரு குணம் உண்டு. பயம், பதற்றம், வலி, கூச்சம் எது இருந்தாலும் வெளியே வர யோசிக்கும். எனவே மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஹவுஸ்கீப்பிங் அக்கா கதவைத் தட்டுவார். டீம் லீட் “எங்க இருக்கீங்க?” என்று மெசேஜ் போட்டு, பதில் வராததால் ஒரு கேள்விக்குறி மட்டும் தனியாக அனுப்புவார். நீங்கள் அமைதியாகவே இருங்கள். குழந்தையின் போட்டோவைப் பாருங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழந்தையின் படம், அதன் குரல், அது கழற்றிப் போட்ட சட்டையின் வாசம் எல்லாமே பால் இறங்க உதவும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதாலும் இறங்கும். கிளையன்ட் மீட்டிங்கில் நீங்கள் பேச எழுந்த நேரத்திலும் இறங்கும். துப்பட்டா அதற்குத்தான்.

பம்பில் ஒன்பது லெவல் இருக்கிறது என்பதற்காக ஒன்பதில் வைக்க வேண்டும் என்பதில்லை. வலிக்காமல் தாங்கக்கூடிய அளவு எதுவோ அதுவே உங்கள் லெவல். வலித்தால் வரத்து கூடாது, குறையும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதுதான் தாய்மை என்று சினிமாவும் சித்தியும் சொல்லி வளர்த்திருப்பதால் இதை நம்பக் கொஞ்ச நாள் பிடிக்கும். மார்பில் வைக்கும் புனல் விஷயமும் அப்படித்தான். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். எல்லாருக்கும் அது பொருந்தாது. காம்பு குழாயின் சுவரில் உரசாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கருவட்டமெல்லாம் சேர்ந்து உள்ளே இழுபட்டால் புனல் பெரியது. காம்பு நசுங்கி வெளுத்து வந்தால் சிறியது. அளந்து பார்க்க ஸ்கேல் கேட்டால் “எதுக்கு?” என்பார் கணவர். சொல்லுங்கள், அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு நாள் திடீரென்று இழுவை குறையும். பால் வற்றிவிட்டது என்று அழத் தொடங்கும் முன் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாட்டிலுக்குள் தொங்கும் சிறிய சிலிக்கான் துண்டு அது. நுனியில் மெல்லிய கீறல் ஒன்று, இரு உதடும் ஒட்டி மூடியிருக்க வேண்டும். அதற்குள் பிரஷ்ஷை விட்டுத் தினமும் தேய்த்தால் வாய் பிளந்துகொள்ளும். பிளந்தால் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் பால் வராது. விரல்நுனி அளவு துண்டை மாற்ற வேண்டிய இடத்தில் பால் பவுடர் டப்பா வீட்டுக்குள் வந்துவிடுகிறது, கூடவே “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க பால் வருது” என்ற ஆராய்ச்சி முடிவும்.

இந்த மிஷினை உருவாக்கிய வரிசையில் ஆண்கள் நிறைய. 1854இல் ஆர்வெல் நீதம் என்பவர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1920களில் இன்னொரு காப்புரிமை வாங்கியவர் எட்வர்ட் லாஸ்கர். பொறியாளர், அதைவிடப் பெரிய செஸ் ஆட்டக்காரர். (உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேறு ஆள்.) செஸ்ஸுக்குப் பேர்போன சென்னையில் இவருக்கு ஒரு தாய்மார் சங்கமாவது மாலை போட்டிருக்க வேண்டும். ஆனால் என் ஓட்டு சுவீடன்காரர் ஐனார் எக்னெலுக்கு. எவ்வளவு இழுத்தால் காயம் படாது என்று 1950களில் உட்கார்ந்து அளந்து பார்த்துவிட்டு மிஷின் செய்தவர். அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம்.

அடுத்து, பாட்டிலில் உள்ள கோடுகள். இருப்பதிலேயே ஆபத்தான பாகம் இதுதான்.

குழந்தை மார்பில் குடித்தவரை எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. குடித்தது, தூங்கியது, விஷயம் முடிந்தது. பம்ப் வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் மில்லி தெரியும். “எவ்ளோம்மா வந்துச்சு?” என்பார் மாமியார். “முப்பது மில்லி அத்தை.” “அவ்ளோதானா? ரெண்டு பக்கமும் சேர்த்தா?” ஊரிலிருந்து போனில் உங்கள் அம்மா, “உனக்கு ஒண்ணரை வருஷம் குடுத்தேன்டி, உன் தம்பிக்கும் அப்படித்தான்” என்று ஆறுதல் சொல்வார். இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருத்தி ஃப்ரீசர் முழுக்கப் பால் பைகளை அடுக்கிப் படம் போட்டிருப்பாள். மிஷினும் சும்மா இருக்காது. காதைக் கொடுத்துக் கேட்டால் ‘எத்தன மில்லி, எத்தன மில்லி’ என்றே ஓடும்.

உள்ள நிலவரம் இது. நேரடியாகவும் பால் கொடுத்துக்கொண்டு இடையில் பம்ப் செய்பவருக்கு ஒரு தடவையில் 15 முதல் 60 மில்லி வரை வருவது சாதாரணம். ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள குழந்தை நாள் முழுக்கக் குடிப்பது சராசரியாக 750 மில்லி சுற்றுவட்டம், அதைப் பல தடவையாகப் பிரித்துக் குடிக்கும். காலையில் அதிகம் வரும், சாயங்காலம் குறையும். பெரும்பாலான மோட்டார்கள் குழந்தை அளவுக்கு இழுப்பதில்லை. எனவே பாட்டிலில் உள்ளது மிஷின் எடுத்த பால், உங்களிடம் உள்ள பால் அல்ல. இதை விளக்கி யாரையும் நம்பவைக்க முடியாது என்பதால் சுருக்கு வழி ஒன்று: குழந்தையின் சாக்ஸைப் பாட்டிலுக்கு மாட்டிவிடுங்கள். குழந்தை எப்படியும் அதைப் போட்டுக்கொள்ளப் போவதில்லை. கோடு தெரியாவிட்டால் நீங்களும் பார்க்க மாட்டீர்கள், பதற்றம் குறைந்தால் பால் தாராளமாக இறங்கும். “எவ்ளோ?” என்று கேட்டால் “வந்துச்சு” என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.

எண்ணைத் துரத்திக்கொண்டு மணிக்கொரு தரம் பம்ப் மாட்டுவதும் வேண்டாம். எடுக்க எடுக்கச் சுரக்கும் பொருள் இது. தேவைக்கு மேல் எடுத்தால் தேவைக்கு மேல் சுரந்து, கட்டிக்கொண்டு, மார்பு பாறையாகிவிடும். ஓரிடம் சிவந்து, தொட்டால் கொதித்து, குளிர் காய்ச்சலும் வந்தால் யார் சொன்ன வைத்தியமும் வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஆபீசுக்கு வருவோம். குழந்தை குடிக்கும் இடைவெளியை ஒட்டி, ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். காலண்டரில் அந்த நேரத்தை மறித்துவைத்து ‘வெண்டார் சிங்க்’ என்று பெயர் கொடுங்கள். ‘பம்பிங்’ என்று எழுதினால் பன்னிரண்டு ஆண்கள் அதைப் பார்க்காத மாதிரி நடிக்க வேண்டிவரும், பாவம். மீட்டிங் ரூம் எல்லாம் கண்ணாடி. ‘வெல்னஸ் ரூம்’ என்று பலகை மாட்டிய அறையில் நைட் ஷிஃப்ட் முடித்த ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குவார். மிச்சமிருப்பது ஸ்டோர் ரூம். அங்கே போன பொங்கலுக்குக் கட்டிய தெர்மாகோல் கரும்பும் கால் உடைந்த நாற்காலிகளும் இருக்கும். கால் உடையாத நாற்காலியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தபடியே கால் அட்டென்ட் பண்ணுவதாக இருந்தால் மைக்கை அணைக்க மறக்க வேண்டாம். “யாரோ மிக்ஸி ஓட்டறாங்க, ப்ளீஸ் ம்யூட்” என்று பெங்களூரிலிருந்து ஒரு குரல் வரும்.

எடுத்த பாலைப் பாண்ட்ரி ஃபிரிட்ஜில் வைக்கும்போது பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் பாண்ட்ரி அண்ணா அதைக் காபியில் ஊற்றிவிடுவார். ஒட்டினாலும் ஒரு விளைவு உண்டு. அன்றிலிருந்து அந்த ஃபுளோரில் பிளாக் காபி குடிப்பவர்கள் கூடிவிடுவார்கள்.

அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்று பெரும்பாலான கையேடுகளில் போட்டிருக்கும். அந்த அறை 25 டிகிரிக்குள் இருக்கும் அறை. நம் ஊரில் அப்படியோர் அறை மார்கழியில் சில நாள் கிடைக்கும், மற்ற மாதங்களில் ஏசி ஓடினால்தான். ஃபிரிட்ஜில் நான்கு நாள், கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி. ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். ஐஸ் பேக் போட்ட பையில் 24 மணி நேரம் தாங்கும். தாம்பரம் லோக்கல் எவ்வளவு நேரம் நின்றாலும் அதற்குள் வீடு வந்துவிடும். உருக்கிய பாலை மறுபடி உறையவைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மீதி வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

வீட்டில் இதை ஒப்படைக்கும்போதுதான் உண்மையான சோதனை. நம் வீடுகளில் பால் என்றால் காய்ச்ச வேண்டும், அது சட்டம். “பச்சைப் பாலையா பிள்ளைக்குக் குடுப்பாங்க?” என்று அத்தை பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் முன் கையைப் பிடித்துவிடுங்கள். கொதித்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்துகள் போய்விடும். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். மேலே படியும் மஞ்சள் ஏடு கெட்டுப்போனதன் அடையாளமில்லை, அது கொழுப்பு, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். கரண்டியால் எடுத்து வெண்ணெய் சேர்க்கும் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள். பால் வங்கியில் சூடாக்குகிறார்களே என்று விவரம் தெரிந்த மாமா யாராவது மடக்கினால், அது வேறொரு தாயின் பால், அதனால் 62.5 டிகிரியில் 30 நிமிடம், கொதிக்கவிடுவதில்லை என்று சொல்லுங்கள். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கிற்று என்பதையும் சேர்த்துச் சொன்னால் மாமா டிவி பக்கம் திரும்பிவிடுவார். உங்களுக்கு உண்மையிலேயே மிஞ்சினால் பால் வங்கிக்குத் தானம் கொடுக்கலாம். விற்பது கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

குழந்தை பாட்டிலைத் துப்பும். ஆயிரம் ரூபாய் நிப்பிளையும் துப்பும். கடைசியில் பரணிலிருந்து இறங்கும் வெள்ளிப் பாலாடையில் அத்தை ஊற்றினால் சொட்டு விடாமல் குடிக்கும். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் பாலாடையில்தான் ஊட்டச் சொல்கிறார்கள். இந்தச் சுற்றில் அத்தைக்கே வெற்றி, ஒப்புக்கொள்ளுங்கள்.

பாகங்களைச் சுத்தம் செய்ய விலை உயர்ந்த ஸ்டெரிலைசர் தேவையில்லை, இட்லிப் பானை இருக்கிறது. ஆவி தாங்கும் பாகங்கள்தானா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரோடு சேரும் டியூப் மட்டும் நனையக் கூடாது. விடிகாலையில் முதல் ஈடு எடுக்க மூடியைத் திறந்த மாமனார், தட்டில் நாலு சிலிக்கான் வால்வு வெந்துகொண்டிருப்பதைப் பார்த்துக் குழம்பினால் அவரை உட்காரவைத்து ஒரு காபி கொடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரை என்று வருவதையெல்லாம் சாப்பிடுங்கள். பாலைக் கூட்டுவது முக்கியமாக அடிக்கடி பால் எடுப்பதுதான், ஆனால் உங்களுக்காக இன்னொருவர் மீன் ஆய்ந்து புட்டு செய்யும் காலம் திரும்ப வராது. பூண்டைப் பற்றி ஒரு தகவல்: தாய் பூண்டு சாப்பிட்டால் பாலில் அந்த வாசம் ஏறும், குழந்தை அதிக நேரம் குடிக்கும் என்று 1991இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மல்லிகைப் பூ மட்டும் தலையோடு நிற்கட்டும். மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிகள் சொன்னதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, பூவும் வேலை செய்கிறது என்று 1988இல் எழுதினார்கள்.

வெளியூர்ப் பயணம் என்றால் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கிறது. தமிழக அரசு 2015 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம், நாட்டுக்கே முன்னுதாரணம். சாவி யாரிடம் என்பதை மட்டும் டைம் கீப்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு மிஷினை மேசையில் பரப்பி வைத்திருக்கும்போது, வீட்டு வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தோடு நின்று பார்ப்பார். “எதுக்குக்கா இவ்ளோ சாமான்? கையாலயே பீச்சிரலாமே.” அவருக்கு 26 வாரமும் இல்லை, 12 வாரமும் இல்லை. பிள்ளை பிறந்து நாற்பது நாளில் நாலு வீட்டுக்கு வந்துவிட்டவர். யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் நின்றபடி பீச்சிச் சாக்கடையில் விட்டுவிட்டு மறுபடி பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவர். அவர் சொல்லும் முறை சரியான முறை. கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் பிடித்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். தோலின் மேல் வழுக்கி இழுக்கக் கூடாது. வால்வு கிழிந்த நாளிலும் கரன்ட் போன நாளிலும் இதுதான் கைகொடுக்கும். கற்றுக்கொள்ளுங்கள், அவருக்குச் சம்பளத்தோடு லீவும் கொடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 திருத்தம் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. காப்பகம் இருந்தால் நடந்துபோய் நேராகவே கொடுத்துவிட்டு வரலாம், இந்தச் செய்முறையில் பாதி தேவைப்படாது. லீவு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே காப்பகம், இடைவேளை, அறை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் ஹெச்.ஆருக்கு மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் “பார்க்கலாம்மா” என்பார்கள். மெயிலில் அந்தப் பதிலை எழுதக் கூச்சப்படுவார்கள்.